ஹெட்லைட் போட்டு வந்த காலி பஸ்

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்.

செல்வி. வண்டியில் நோயாளிக்கு முதலுதவி செய்கிற டெக்னீசியன். வாலாஜாபாத்காரி.

சுடலை. தென்காசிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட்.

இசக்கி. சுடலையின் ஊர்க்காரன். அதே அறை, அதே பாய். வேலை வேறு கம்பெனியில், இரண்டாம் ஷிப்ட்.

ஏகாம்பரம். வடக்குப்பட்டுக்காரர். சுடலை போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர்.

இன்னும் இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும். ஒருவர், காலையில் வந்து என்னை மாற்றிவிட வேண்டிய டிரைவர். வரவில்லை. இன்னொருவர், ஒரகடம் பாலத்தடியில் நின்ற இரண்டாவது ஆம்புலன்ஸின் டெக்னீசியன். அப்படி ஒரு ஆளே கிடையாது. இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

போனவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே கம்பெனி. அங்கே எட்டு மணி நேரம்தான். சாப்பாடு உண்டு. வாசலுக்கு பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். முகத்தில் ரத்தம் தெறிக்காது. நீங்களும் ஒருநாள் அப்படி நினைப்பீர்கள். நினைப்பது தப்பில்லை.

ஆனால் அவர் போனதால் அந்த வண்டி டீசல், ஆக்சிஜன், டிரைவர் எல்லாம் இருந்தும் நிழலில் நின்றது. டெக்னீசியன் இல்லாமல் கேஸ் எடுக்கக் கூடாது. அந்த வண்டியின் ஊர்களும் எங்கள் தலையில் விழுந்தன. ஒரு கேஸை இறக்குவதற்குள் அடுத்தது வரும். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இப்பத்தான் வர்றியா?"

பதில் சொல்லாதீர்கள். ஸ்ட்ரெச்சரை இறக்குங்கள். அவர்கள் திட்டுவது உங்களை இல்லை, காத்துக்கிடந்த நேரத்தை.

பென்னலூரில் லாரியில் மோதிய ஒருவரை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு ஒரகடம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல். மூன்று மணி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் எல்லாம் வெளியே வந்துவிட்ட நேரம். முந்தின இரவிலிருந்து நான் சீட்டில் இருக்கிறேன். செல்விக்கும் அப்படித்தான். அவள் பின்னால் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

"ண்ணா, கண்ண மூடாத."

"மூடல. சிமிட்னேன்."

"சிமிட்றதுக்கு இம்மா நேரமா?"

"நீ பேசிக்கினே வா."

"இன்னாத்த பேசறது? எல்லாத்தையும் நேத்தே பேசியாச்சு. என் மாமியார் கதைதான் பாக்கி."

"அத சொல்லு. தூக்கம் போயிடும்."

அவள் மாமியாரை ஆரம்பித்தாள். அதற்குள் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். வடக்குப்பட்டு. இளவயது ஆண். வயிற்று வலி, மயக்கம். குடித்திருக்கலாம் என்று பக்கத்தில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். அருகே வேறு வண்டி இல்லை. நீங்கள்தான்.

செல்வி, தகவல் சொன்னவரின் நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாருப்பா பேசறது?"

"சுடலை பேசுதேன் அக்கா. எங்கூட இருக்க பையன், இசக்கி. எழுப்புதேன் எழுப்புதேன், கண்ணத் தொறக்க மாட்டேங்கான்."

பின்னால் வேறு குரல் கேட்டது. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். "சம்பளம் வாங்கினானுங்க இல்ல, ஊத்திக்கினு கீறான்மா. சாய்ங்காலம் தானா எழுந்துப்பான். பெருசா ஆம்புலன்ஸ கூப்புடுறான் பாரு."

"அய்யா, நீங்க செத்த சும்மா இருங்க. அவன் டீயே குடிக்க மாட்டான்."

இந்த இடத்தில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த மாதிரி அறைகளுக்கு அடிக்கடி போகப்போகிறீர்கள்.

ஒரு அறை, ஆறு பையன்கள், மூன்று பாய். ஒரு ஷிப்ட்காரன் எழுந்து போனால் இன்னொரு ஷிப்ட்காரன் அதே பாயில் படுப்பான். பாய் ஆறவே ஆறாது. அங்கே ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. ஓ.டி. முடித்துப் படுத்தவனை எழுப்பக் கூடாது. விளக்குப் போடக் கூடாது. போனில் பேச வேண்டுமானால் வெளியே போக வேண்டும். சட்டியை வைத்தால்கூடச் சத்தம் வராமல் வைப்பார்கள். சொந்த ஊர் தூரத்தில் இருக்கிற பையன்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற உபகாரம் அது.

இசக்கி இரண்டாம் ஷிப்ட்டும் அதன்மேல் ஓ.டி.யும் பார்த்துவிட்டு விடியுமுன்னே வந்து படுத்திருக்கிறான். காலையில் ஒருமுறை எழுந்து வயிறு வலிக்கிறது என்றிருக்கிறான். கேன்டீன் சாம்பார் என்று இவர்களே முடிவு செய்து சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மறுபடி படுத்தான். மற்றவர்கள் அவனைத் தாண்டித் தாண்டி நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவன் கண் செருகிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இந்த ரோட்டில் கண் செருகாதவன் யார்? பஸ்ஸில் செருகுகிறான், கம்பெனி லைனில் நின்றபடியே செருகுகிறான், இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே செருகுகிறான். அதை யாரும் நோயாக நினைப்பதில்லை.

சுடலை எழுப்பியதும் சந்தேகப்பட்டு அல்ல. அவன் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டான். பாய் அவனுடைய முறை.

செல்வி கேட்டாள். "அவன் மூஞ்சாண்ட போ. பேரச் சொல்லிக் கூப்புடு. பதில் வருதா?"

"வருது அக்கா. ஆனா மூக்கு வழியா பேசுதான். ஒண்ணும் விளங்கல."

"கண்ணத் தொறன்னு சொல்லு. இன்னா பண்றான்னு பாத்து எனக்கு சொல்லு."

சுடலை அதை இசக்கியிடம் சொல்வது கேட்டது. பிறகு சுடலை சொன்னான். "புருவத்தத் தூக்குதான் அக்கா. நெத்தியெல்லாம் சுருங்குது. இமை மட்டும் வரமாட்டேங்கு."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தூங்குகிறவன் புருவத்தைத் தூக்க மாட்டான். குடித்தவனும் தூக்க மாட்டான். அவனுக்கு விழிப்பு இருக்கிறது. கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை. இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எச்சில் முழுங்குறானா?"

"ஓரமா வடியுது."

"நைட்டு எங்க படுத்தான்? தரையிலயா?"

"தரைதான் அக்கா. எங்களுக்குக் கட்டில் ஏது? கதவோரம் படுத்தான், காத்து வரும்னு."

"வூட்டுக்குப் பின்னால இன்னா கீது?"

"காலி மனை. முள்ளுக் காடு."

"கை கால்ல கடி மாதிரி ஏதாச்சும்?"

"பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

செல்வி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கட்டுவிரியன்ணா" என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்தேன். கட்டுவிரியன் பாம்பு இரவில் வரும். தரையில் படுத்தவன் பக்கத்தில் வரும். கடித்தால் பல நேரம் வலிக்காது, தடம் தெரியாது, வீங்காது. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பான். வயிறு வலிக்கும். அப்புறம் இமை விழும், தொண்டை விழும், கடைசியில் மூச்சு விழும். இசக்கிக்கு இமையும் தொண்டையும் விழுந்துவிட்டன.

முன்னால் ரோட்டைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டும்வரை பஸ்ஸின் முதுகு. சைரன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவரும் அசையவில்லை. அசைய இடமும் இல்லை. இப்படியே ஊர்ந்தால் வடக்குப்பட்டுக்குப் போய்ச் சேரலாம். சேரும்போது அவனுக்கு மூச்சு இருக்காது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. முதல் நாள் நான் சைரனை விடாமல் அடித்தேன். அவர் கையை நீட்டி அணைத்தார். "அது வழி கேக்குற மிஷின்டா. குடுக்குற மிஷின் இல்ல. குடுக்கறவன் எதிர்ல கீறான். அவன் யாருன்னு தெரிஞ்சிக்க" என்றார். அப்போது புரியவில்லை. அன்றைக்கு அந்த பஸ்களின் முதுகைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது.

எதிர்ப்பக்க ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. அதில் எதிர்த்துப் போகலாம் என்று கை பரபரத்தது. போகவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிறவன் வழியில் இரண்டைப் பறிக்கக் கூடாது. ஆனால் அந்தக் காலி ரோட்டைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. நாம் அங்கே போக முடியாது. அங்கிருந்து இங்கே வரலாம்.

"செல்வி, அவன கொண்டாரச் சொல்லலாமா? பாதி வழியில நாம வாங்கிக்கலாம்."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. நோயாளி இருந்த இடத்தில் இருக்க வேண்டும், நாம் போக வேண்டும். அதுதான் முறை. வழியில் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

"வழியில மூச்சு நின்னுட்டா?"

"அங்க படுத்துக்கினு இருந்தாலும் நிக்கும்."

"அது சரி. ஆனா நாம எடுத்து வரச் சொன்னதாலன்னு ஆயிடும்."

"ஆவும்."

அவள் ரோட்டைப் பார்த்தாள். பஸ்களைப் பார்த்தாள். "கன்ட்ரோலுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ கேளு" என்றாள்.

இந்த வேலையில் தைரியம் என்று நான் பார்த்தது அதுதான். சத்தமே வராது.

நான் சுடலையிடம் கேட்டேன். "தம்பி, நீ வந்து எறங்கின பஸ்சு போயிடுச்சா?"

"இல்ல அண்ணாச்சி, முக்குல திருப்பிக்கிட்டு நிக்கி."

"ஓடு. டிரைவராண்ட போனக் குடு."

செருப்பில்லாத கால் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம். பிறகு ஏகாம்பரத்தின் குரல்.

"யாருப்பா?"

"ஆம்புலன்ஸ் டிரைவர் பேசறேன். ஒரகடத்துக்கு முன்னாடி மாட்டிக்கினேன். அங்க ஒரு பையன பாம்பு கடிச்சிருக்கு. நீ அவன ஏத்திக்கினு எதிர்ல வரணும்."

அவர் இன்ஜினை அணைத்தார். "எந்தக் கம்பெனி பையன்?"

"உன் கம்பெனி இல்ல."

"அண்ணாத்த, இந்த பஸ்ல கேமரா கீது. எங்க நிக்கிறேன், எங்க திரும்புறேன், எல்லாம் அவனுக்குத் தெரியும். வேற கம்பெனி ஆள ஏத்தினா வேல பூடும். எனக்கு ரெண்டு பொண்ணு."

"தெரியும். கட்டாயப்படுத்தல. கேக்குறேன்."

"யாரு பையன்? தெனிக்கும் எறங்கும்போது தேங்க்ஸ்ணானு சொல்லுவானே ஒரு அல்வா, அவனா?"

தெற்கத்திப் பையன்கள் எல்லோரும் அவருக்கு அல்வாதான்.

"அது போன் குடுத்த பையன். கடிபட்டது அவன் கூட்டாளி."

"எல்லாம் ஒரே கடை அல்வாதான். ஏத்துடா டேய். பார்த்து ஏத்து, தல இடிக்கப்போவுது."

வீட்டுக்காரரின் குரலும் கேட்டது. "தோளப் புடி, நான் கால புடிச்சிக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் ஊத்திக்கினு கீறான் என்றவர்தான்.

பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் இசக்கியை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். செல்வி சுடலைக்குச் சொன்னாள். "வாய் கீழ பாத்த மாதிரி இருக்கட்டும். எச்சி வெளிய வரணும். நெஞ்சப் பாரு. ஏறி எறங்கினா ஒண்ணு. வாய்விட்டு எண்ணு. நான் நிறுத்துன்னா நிறுத்து."

"ஒண்ணு... ரெண்டு..."

அவள் ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்து. எவ்ளோ?"

"பதினாலு."

"நல்லா எண்ற. திரும்ப."

இனி அந்த ரோட்டு வழக்கம். ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிற உள்ரோடு எல்லாம் குறுகல். இரண்டு பஸ் எதிரும் புதிருமாக வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். எது இறங்குவது என்று டிரைவர்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆள் ஏற்றிய பஸ் பகலிலும் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரும். காலி பஸ் லைட்டை அணைத்து ஒதுங்கும். ஏற்றிக்கொண்டு போகிறவன் தாமதித்தால் கேட்டில் கார்டு பஞ்ச் தாமதமாகும். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் அரைநாள் சம்பளம் போய்விடும். அதனால் லைட்டைப் பார்த்தால் யோசிக்காமல் மண்ணில் இறக்கிவிடுவார்கள்.

இத்தனை வருஷம் அதே ரோட்டில் ஓட்டியும் இது எனக்குத் தெரியாது. பஸ்காரன் சைரனுக்கு வழி விடமாட்டான், மனசில்லாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரின் அரைநாள் உட்கார்ந்திருந்தது.

ஏகாம்பரம் புறப்படுவதற்கு முன் தன் போனை எடுத்து டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசினார். சுடலையின் போன் வழியாக எங்களுக்கும் கேட்டது.

"டேய், ஏகாம்பரம் பேசறேன். நான் காலியாத்தான் வர்றேன். ஆனா லைட்டு போட்டுக்கினு வர்றேன். லோடு கீது. ஒரே ஒரு ஆளு, பாம்பு கடிச்சவன். எதிர்ல வர்றவன்லாம் மண்ணுல எறக்கு. பாலத்தாண்ட நிக்கிறவங்களே, உங்க பின்னால ஆம்புலன்ஸ் கத்திக்கினு கீது, காது அடச்சிப்போச்சா? லெப்ட்ட உடுங்கடா. இப்ப உட்டா நம்ம ஆளு. உடலன்னா நாளைக்கு நீயோ நானோ."

போனை வைத்த சத்தம். இன்ஜின் உறுமியது.

எனக்கு முன்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பஸ் வலப்பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்னால் இருந்ததும் சாய்ந்தது. அப்புறம் அதற்கு முன்னால். இடப்பக்கம் ஒரு வண்டி போகிற அளவுக்கு ரோடு திறந்தது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் விழித்துப் பார்த்தார்கள்.

நான் சைரனை நிறுத்தினேன். தேவைப்படவில்லை.

"பதினொண்ணு" என்றான் சுடலை.

"ம். திரும்ப."

"அக்கா, கொறயுதே."

"தெரியும். நீ எண்ணு. எண்றவன் அழக்கூடாது, தப்பாயிடும்."

"அழல."

"கொரல் அழுவுது."

"ஒண்ணு... ரெண்டு... லேய் இசக்கி, நம்ம ஊர் கோயில் கொடைக்கு டிக்கெட் போட்டாச்சுல... மூணு..."

"டிக்கெட்ட அப்புறம் பேசலாம். எண்ணு."

"ஒம்பது."

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய லாரி எடைமேடை இருக்கிறது. லாரி திரும்புகிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே வரச் சொல்லியிருந்தோம். பாலத்தடியில் அந்த இரண்டாவது ஆம்புலன்ஸ் நின்றது. அதைத் தாண்டித்தான் போனேன். கழுவி வைத்திருந்தார்கள். அதன் டிரைவர் இறங்கி நின்று எங்களைப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த நிலை வந்ததில்லை, வரவும் வேண்டாம்.

அப்போதுதான் எண்ணுகிற சத்தம் நின்றது.

"சுடலை?"

பஸ் ஓடுகிற சத்தம் மட்டும்.

"சுடலை, எண்ணு."

"ஏறல அக்கா. நெஞ்சு ஏறல."

செல்வியின் குரல் மாறவில்லை. மாமியாரைப் பற்றிப் பேசிய அதே குரல். "ரெண்டு கையாலயும் தாடைய புடி. காதுக்குக் கீழ, எலும்பு மொளச்சிக்கினு இருக்கும் பாரு, அங்க. முன்னால தள்ளு. நல்லா தள்ளு, வலிச்சா வலிக்கட்டும். நாக்கு உள்ள உழுந்திருக்கும்."

நான் எடைமேடைக்குள் வண்டியைத் திருப்பினேன். போனில் ஒன்றும் கேட்கவில்லை. செல்வி பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

"ஒண்ணு" என்றான் சுடலை.

அதே நேரத்தில் ரோட்டில் அந்த ஹெட்லைட் தெரிந்தது. வெயிலில் மங்கலாக. அதன் முன்னால் ஒரு வண்டி இல்லை. எல்லோரும் மண்ணில் இறங்கி நின்றுவிட்டார்கள் என்று ஏகாம்பரம் பிறகு சொன்னார்.

நாங்கள் பஸ்ஸில் ஏறும்போது சுடலை ஆறு வரை எண்ணியிருந்தான். இசக்கியின் உதடு நீலம். செல்வி அங்கேயே, அந்த சீட்டிலேயே, முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்கினாள். கையால் மூச்சுக் கொடுக்கிற பை. முதல் அமுக்கில் நெஞ்சு ஏறியது. ஐந்தாறு அமுக்கில் உதட்டில் நிறம் வந்தது. அவன் புருவம் மறுபடி மேலே போனது. கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். எல்லாவற்றையும்.

ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினோம். ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்.

"நான் இன்னா பண்ணட்டும்?"

"முன்னால போ" என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஏறினார். லைட்டை அணைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் காலி பஸ் முன்னால் போக, அது பிளந்த வழியில் நான் போனேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற நம்மைப் பைலட் என்று கூப்பிடுகிறார்கள். அன்றைக்குப் பைலட் அவர்.

அங்கே டாக்டர் இமையைப் பார்த்த உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார். தொண்டையில் குழாய் போட்டார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்களே கொண்டுபோனோம். வழி முழுக்க செல்வி அமுக்கினாள். அவள் கை ஓய்ந்தபோது சுடலை அமுக்கினான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூச்சின் தாளம் அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

இறக்கிய பிறகு செல்விக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவளால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. குட்டைச் சுவரின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து குடித்தாள்.

"மாமியார் கதையில எங்க உட்டேன்?" என்றாள்.

ஏகாம்பரத்தைக் கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். எதற்கு ரூட் மாறினாய் என்று. லோடு இருந்தது என்றாராம். சில நாள் வண்டி கொடுக்காமல் உட்காரவைத்தார்கள். அவர் பஸ்ஸில் போகிற பையன்கள் எல்லோரும் ஒரே பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதனாலோ, ஆள் கிடைக்காததாலோ, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு மட்டும்தான் ஆள் பஞ்சம் என்றில்லை.

அவர் செய்த இன்னொன்று: டிரைவர்கள் குரூப்பில் என் நம்பரையும் செல்வியின் நம்பரையும் சேர்த்துவிட்டார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேஸ் வந்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்று ஒரு வரி போடுவோம். நாங்கள் போவதற்குள் ரோடு இடப்பக்கம் திறந்திருக்கும். எப்போதும் இல்லை. பெரும்பாலும். குரூப்பில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

நான் ஓய்வு பெற்றபோது என் நம்பருக்குப் பதிலாக உங்களில் ஒருவருடைய நம்பரைச் சேர்த்துவிட்டு வந்தேன். அதை அழித்துவிடாதீர்கள். புது இடத்துக்கு மாற்றினாலும் முதல் வேலையாக அங்கே ரோடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பஸ்காரனா, மணல் லாரிக்காரனா, ஷேர் ஆட்டோவா. அவசரம் வருமுன்னே போய் டீ குடியுங்கள். அவசரத்தில் போய்க் கேட்டால் அது சைரன் மாதிரிதான்.

பாலத்தடி வண்டிக்கும் ஆள் வந்தது. நாளானது, ஆனால் வந்தது. லைனில் நின்று வேலை பார்த்த பெண் ஒருத்தி, படித்த படிப்புக்கு இதுதான் வேலை என்று வந்து சேர்ந்தாள். கம்பெனியை விட்டு நம்மிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆள் போதும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்களே பார்க்கத்தான் போகிறீர்கள். ஆனால் இரண்டு வண்டியும் ஓடுகின்றன.

மாற்ற ஆள் வராமல் அடுத்த ஷிப்ட்டும் சீட்டில் உட்கார நேர்ந்தால், பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். கண் மூடிவிடும் போல இருந்தால் வண்டியை ஓரம் கட்டிக் கன்ட்ரோலுக்குச் சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

வடக்குப்பட்டு வீட்டுக்காரர் பின்னால் இருந்த முள்ளை எல்லாம் வெட்டிவிட்டார். கதவுக்கு அடியில் பலகை அடித்தார். தான் சொன்னதற்கு வருத்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை. முள்ளை வெட்டினார். போதும். அறையின் சட்டத்தையும் பையன்கள் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். ஓ.டி. முடித்துப் படுத்தவனை ஒருமுறை எழுப்பிப் பேர் கேட்பார்களாம். அவன் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னால் நல்லாயிருக்கிறான் என்று அர்த்தமாம். சுடலை சொன்னான்.

சுடலையை நான் மறுபடி பார்த்தது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். வேறொரு கேஸை இறக்கிவிட்டு நானும் செல்வியும் மாடி ஏறிப் போனோம். இசக்கியின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். மிஷின் எல்லாம் தள்ளி நின்றது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, நிஜமான தூக்கம். சுடலை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான், யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படி கீறான்பா?" என்று செல்வி கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. இருங்கள் என்பதுபோல ஒரு விரலை மட்டும் தூக்கினான். கண் இசக்கியின் நெஞ்சில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. செல்வி தன் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். நாங்கள் நின்றோம்.

"நிறுத்து" என்றாள்.

"பதினெட்டு."